நிறுத்தத் தெரியாத வண்டி

மூச்சைப்பிடி சாரிடம் ஒரு பழைய ஜெர்மன் கார் இருந்தது. டீசல் வண்டி. கிளம்புவதில் அதற்கு ஒரு குறையும் கிடையாது, நிற்பதில்தான் வம்பு. சாவியைத் திருப்பி, உருவி, பையில் போட்டுக்கொண்டு நீங்கள் உள்ளே போய்ச் சாப்பிட உட்காரலாம். அது பாட்டுக்கு வாசலில் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். சாவியின் பேச்சை எஞ்சினிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரப்பர் குழாயில் எங்கேயோ ஓட்டை. எங்கே என்று எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்தபாடில்லை. பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லீவர் ஒன்றை விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் ஐயா அடங்குவார்.

அமுக்குவது மனைவியின் வேலை. இவர் சீட்டில் உட்கார்ந்தபடியே காலருகில் இருக்கும் பிடியை டக்கென்று இழுப்பார். பானெட் லேசாகத் தூக்கிக் கொடுக்கும். அவள் இறங்கி முன்னால் போய், அதைத் திறந்து, உள்ளே கையை விட்டு அமுக்குவாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஓயும். பானெட்டைச் சாத்திவிட்டுச் சொல்வாள்: "நின்னுடுச்சு. இறங்குங்க."

அதைச் சொன்ன பிறகுதான் அவர் கதவைத் திறப்பார். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, இந்தக் கூத்து நடக்காமல் அவர்கள் எங்கேயும் போய் இறங்கியதில்லை. "நீங்களே இறங்கி அமுக்கினா கை தேஞ்சா போயிடும்?" என்று அவள் கேட்காத நாள் இல்லை. "ரெண்டு பேர் வண்டிம்மா இது" என்பார். பெரிய துரை!

மூச்சைப்பிடி என்ற பெயர் ஆஸ்பத்திரியில் வந்தது. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூச்சைப் பிடிங்க... அசையக்கூடாது... விடலாம்." ஊரில் பாதிப் பேரின் மூச்சைப் பிடிக்கச் சொன்ன மனிதரைப் பிறகு ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

ஒரே மகள். அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி என்பதால் அவளுக்கு அது அண்ணன். "எனக்குச் சைக்கிள் கிடையாது, அண்ணனுக்கு மட்டும் புது டயரா?" என்று சின்ன வயதில் மூக்கைச் சிந்தியவள். இப்போது தொலைவில் வேறோர் ஊரில் மருந்துக்கடை ஒன்றை நிர்வகிக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில் போய்விடும்.

மனைவி இறந்த கையோடு மகள் கேட்டாள்: "என்னோட வந்துடுங்கப்பா."

ஆசைதான். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே? "வண்டிய விட்டுட்டு எப்படிம்மா வர்றது? யாரு பாத்துப்பா?" என்றார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் வண்டியைச் சொன்னார். இன்னும் ஒரு தடவை வற்புறுத்தினால் போய்விடலாம் என்று காத்திருந்தார். அந்த இன்னும் ஒரு தடவைதான் வரவேயில்லை. "அண்ணன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் போனில் கேட்டாள். "நல்லா இருக்கான்" என்றார்.

அவர்தான் நன்றாக இல்லை. வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் காது அங்கே ஓடியது. டீ போட்டால் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சுடவைத்துச் சுடவைத்துத் தானே குடித்தார். காலையில் வண்டியைக் கிளப்பி ஷெட்டிலேயே ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் பேப்பர் படித்தார். புகை வருகிறது என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். மனிதர் கடைசியில் ஒரு கார் எஞ்சினைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டார், பாருங்கள்.

ஒருநாள் தலையணை, போர்வை, பிரஷர் மாத்திரை, படிக்கிற விளக்கு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கிப் பூட்டினார். மகளுக்குப் போன் போட்டார்.

"அந்தப் பக்கம் ஒரு வேலைம்மா. போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

வேலையாவது வெட்டியாவது! அவர் கணக்கு வேறு. போய் நின்றதும் அவள் 'இருங்கப்பா' என்பாள். இந்தத் தடவை வண்டியும் கூடவே வந்துவிட்டதால் மறுக்க வழியில்லாமல் இருந்துவிட வேண்டியது. அந்த ஒரு சொல்லை அவள் வாயால் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஊர் எல்லை தாண்டியதுமே சோதனை ஆரம்பித்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி தடாலென்று கதவுக்குள் இறங்கியது. பிடியைச் சுற்றினால் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லி வைத்தாற்போல் மழை பிடித்தது. வலது தோள் சொட்டச் சொட்ட, இடது தோள் காய்ந்து கிடக்க, பாதி மனிதர் குளித்தபடியே ஓட்டினார். "ஜன்னலை மூடுங்கன்னா மூட மாட்டீங்களே" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் வரவேண்டிய இடம். வரவில்லை. பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

மழை விட்டதும் சாலையோர டீக்கடை ஒன்றில் வண்டியை ஒதுக்கினார். சாவியைத் திருப்பினார். காலருகில் பிடியை இழுத்தார். டக். பானெட் தூக்கிக் கொடுத்தது. அவர் உட்கார்ந்திருந்தார்.

ஷெட்டில் தினமும் தன் கையால் அமுக்கித்தான் நிறுத்திவந்தார். ஆனால் வெளியே கிளம்பி ஓரிடத்தில் போய் நிற்பது மனைவி போன பிறகு இதுதான் முதல் தடவை. கைக்குத் தெரிந்தது பழைய பழக்கம். எஞ்சின் ஓட, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க, அவள் இறங்கி முன்னால் போவதற்காக அவர் காத்திருந்தார்.

டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "யாராச்சும் வரணுமா சார்?"

அந்தக் கேள்வி நேராக நெஞ்சில் போய் இறங்கியது. "இல்லப்பா" என்றார். "யாரும் வரவேண்டியதில்ல."

இறங்கினார். கண்ணை மறைத்தது மழைத்தண்ணீர் இல்லை. பானெட்டைத் தூக்கி, லீவரை அமுக்கினார். யார்மேல் கோபமோ, இத்தனை வருஷக் கோபத்தையும் அந்த விரலளவு இரும்பின்மேல் காட்டினார். எஞ்சின் நின்றது. லீவர் கையோடு வந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் செத்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கைகொடுத்துத் தள்ளினார்கள். "பாக்கத்தான் கார், எடை யானை!" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். உறுமிக் கிளம்பியது. கும்பிடுவதற்குக் கையை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஊரில் ஒரு மெக்கானிக், எஞ்சின் ஓட ஓடவே குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"செல்ஃப் போச்சு சார். லீவரும் இல்ல. சாமான் வர நாளாகும். எவ்ளோ தூரம் போகணும்?"

"மக வீட்டுக்கு. சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்."

"அப்ப நிறுத்தாம போயிடுங்க. அங்க போனதும் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அமுக்கிக்கிட்டு கிளட்ச்சை விட்டுடுங்க. திணறி அடங்கிடும். ஆனா ஒண்ணு சார், அடங்குனா அடங்குனதுதான். திரும்பக் கிளப்பணும்னா தள்ள ஆள் வேணும். இருக்கற இடமா பாத்து நிறுத்துங்க."

இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினார். அவள் 'இருங்கப்பா' என்று சொன்ன பிறகு நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்திவிட்டால், வண்டி கெட்டுப்போனதால் வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி ஆகிவிடுவோம். அந்தப் பெயர் வேண்டாம்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு மகளின் தெருவில் நுழைந்தார். சத்தம் கேட்டே அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். அவள் முகத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. வண்டியைத் தெருவிலேயே ஓரம் கட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கப்பா!" ஜன்னலில் கை வைத்துக் கத்தினாள். கத்தாவிட்டால் கேட்காது. "சட்டை என்ன இப்படி நனைஞ்சிருக்கு?"

"மழைக்கு என்மேல ஒரு பக்கமாத்தான் பிரியம்!"

சிரித்தாள். "அண்ணன் எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

அவள் ஒரு பார்வை பானெட்டைப் பார்த்தாள், ஒரு பார்வை அவரைப் பார்த்தாள். "ஆஃப் பண்ணலையாப்பா?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். நிறுத்தினால் திரும்பக் கிளம்பாதம்மா, நீ சொன்னால் நிறுத்துகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் "இருக்கட்டும்" என்றார்.

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "உடனே கிளம்பணுமா?"

"உனக்கும் வேலை இருக்குமில்ல?"

"எனக்கென்ன வேலை? உங்களுக்குத்தான் வேலைன்னு சொன்னீங்க."

"ஆமாமா. வேலைதான்."

இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் அழுதுவிடுவார், ஆனால் யார் முதலில் திறப்பது? அவள் உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். சீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார். அவள் அம்மா போடும் அதே டீ. குடித்து முடிக்கும்வரை ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லும்மா, சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். எஞ்சின் கடகடவென்று ஓடியது.

"இருட்டறதுக்குள்ள போயிடுங்கப்பா. பாத்து ஓட்டுங்க." டம்ளரை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிளம்பினார். வேறு என்ன செய்ய? தெருமுனைவரை வந்தார். வலப்பக்கம் திரும்பினால் பெரிய சாலை. போனால் வழிநெடுக நிறுத்த முடியாது. அவருடைய அந்த வீட்டு வாசலில் போய்த்தான் நிறுத்த வேண்டும். அங்கே தள்ள யார் இருக்கிறார்கள்? தள்ளவும் ஆள் இல்லை, இறங்குங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை.

"மூச்சைப் பிடி" என்றார். வண்டியிடம் சொன்னாரா, தன்னிடம் சொன்னாரா, தெரியாது. டாப் கியரைப் போட்டார். பிரேக்கை அழுத்தினார். கிளட்ச்சை விட்டார்.

வண்டி ஒரு தடவை உலுக்கியது. பல் கிட்டினாற்போல் நடுங்கியது. நின்றது.

அப்படி ஒரு அமைதி. காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் போனதும் தெருவின் சின்னச் சின்னச் சத்தமெல்லாம் வந்தது. டிக்கியைத் திறந்து தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடந்தார். 'வண்டி நின்னுபோச்சும்மா, என்ன பண்றதுன்னே தெரியல' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல சாக்கு. மூக்கு உடையாமல் தப்பிக்கலாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்தவர் நின்றுவிட்டார்.

கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. துருப்பிடித்து எப்போதும் சாத்தியே கிடக்கும் மறுபக்கக் கதவின் கீலில் புது எண்ணெய் வழிந்து மினுங்கியது. உள்ளே சிமெண்ட் தரையில் வட்டம் வட்டமாக ஈரக்கறை. பூந்தொட்டிகள் இருந்த இடம். தொட்டிகளை எல்லாம் இழுத்துச் சுவரோரம் நெருக்கி வைத்திருந்தாள். நடுவில் வெற்றிடம், நீளமாக, அகலமாக. ஒரு பழைய பெரிய கார் நிற்கும் அளவுக்கு.

ஆயுள் முழுக்க நிழலைப் பார்த்து எலும்பைச் சொன்னவர். வாசலிலேயே எழுதி வைத்தாற்போல் இருந்ததைப் பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கதவு திறந்தது. வெறுங்காலோடு வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் கழுவினதுபோல் இல்லை. "சத்தம் திடீர்னு நின்னுச்சு..." என்றாள். அப்புறம் தலையணையைப் பார்த்தாள்.

சாக்கு நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் வந்தது வேறு.

"வேலையும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. தனியா இருக்க முடியல."

அவள் தலையணையை வாங்கிக்கொண்டாள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணன் எங்க?"

"முனையில கிடக்கான். இனி தள்ளினாத்தான்."

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரையும் அவர் கணவரையும் கூப்பிட்டாள். "காலையில தள்ளினா ஆகாதா?" என்று கேட்டார் டீச்சர். "அவன் ராத்திரி ரோட்ல கிடக்கக்கூடாது டீச்சர்" என்றாள். மூச்சைப்பிடி சார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கம் பானெட்டில் கைவைத்து மூன்று பேரும் பின்னோக்கித் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு தெருவில் பின்னால் வந்து, கேட்டில் நுழைந்து, தொட்டிகள் விட்டுக்கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. டீச்சரும் கணவரும் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மகள் மட்டும் பானெட்டில் கைவைத்தபடி முன்னால் நின்றாள். அவர் கை தானாகக் கீழே போனது. பிடியை இழுத்தது. டக்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே பானெட் தூக்கிக் கொடுத்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள். ஓடாத எஞ்சின். அமுக்க லீவரும் கிடையாது. அவள் சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. பானெட்டை முழுசாகத் தூக்கினாள். கண்ணாடியை அது மறைத்துவிட்டது. அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பானெட் இறங்கியது. மகள்தான்.

"நின்னுடுச்சுப்பா" என்றாள். "இறங்குங்க."