நாக்ரா நிற்கும் இடத்தைச் சொல்லாத கதை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஜெரோனியாவுடையது. போன ஞாயிறு மதியம் அவள் சமையலறையில், தக்காளிச் சூப்போடு அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தபோது சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா இடத்த எழுதின, இந்தச் சட்டிய உன் தலையில கவுத்துடுவேன்" என்றும் சொன்னாள். மெனோர்கா தீவில் பதினெட்டு வருடமாகப் படகுக்கும் சுவருக்கும் சாயம் பூசிப் பிழைப்பவன் நான். அவள் சட்டியின் கனம் எனக்குத் தெரியும். அதனால் வாசகரே, இடம் கிடைக்காது.

2

முதல் தொடக்கம்: "வடக்கே இரண்டு பைன் மரங்களுக்கு நேர் கீழே, கரையிலிருந்து —"

விட்டுவிட்டேன். [குறித்துக்கொள்ளாதீர்கள். வடக்கும் பொய், பைனும் பொய்.]

இரண்டாவது: "கடலுக்கடியில் ஒரு சொர்க்கம்..." சீ. இது ஓட்டல்காரன் அச்சடிக்கும் காகிதம்.

மூன்றாவது தேறும்: பதினான்கு மீட்டர் ஆழத்தில் பாறை முடிகிறது. அதன் இடுக்கில் ஒரு கிழட்டுக் களவா மீன், வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப்போல் நகராமல் கிடக்கும். அப்புறம் கொஞ்சம் மணல். அதையடுத்துக் கடற்புல், வயல்போல் ஆடிக்கொண்டு. புல்லின் ஓரத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு சிப்பி, கூர்முனை மண்ணில் புதைய நேராக நிற்கிறது. இங்கே அதற்கு நாக்ரா என்று பெயர். சில வருடங்களுக்கு முன் ஒரு நோய் வந்து இந்தக் கடலெங்கும் நாக்ராக்களை வாரிக்கொண்டு போனது. இந்த விரிகுடாவில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

கண்டுபிடித்தது ஜெரோனியா. ஐம்பத்தெட்டு வயது. முதுகில் சிலிண்டரோடு மாதம் ஒருமுறை இறங்கி, நாக்ராவுக்கு மேலே உள்ளங்கையை ஒரே ஒருமுறை நகர்த்துவாள். நிழல் பட்டால் உயிருள்ள நாக்ரா வாயை மூடிக்கொள்ளும். மூடியதும் திரும்பிவிடுவாள். அதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டாள். அவளுக்கு அதன்மேல் பாசம், வேறென்ன சொல்ல.

3

நோஃப்ரே அவள் கணவன், படகோட்டி. இடத்தை அவர்கள் எந்த வழிகாட்டிக் கருவியிலும் பதியவில்லை. கருவி ஊருக்கெல்லாம் சொல்லிவிடும் என்று ஜெரோனியாவுக்குப் பயம். நோஃப்ரே கரையைப் பார்த்துத்தான் படகை நிறுத்துவான். கடலுக்குள் நீண்ட பாறைமூக்குக்கு நேர் மேலே, கரையிலுள்ள ஒரு வெள்ளை வீட்டின் சுவர் வந்து உட்கார்ந்தால், நங்கூரம் சரியாக மணலில் விழும்.

இந்த ஜூனில் அந்தச் சுவர் வெள்ளையாக இல்லை. புதிதாக வாங்கியவர் காவி பூசச் சொல்லிவிட்டார். வெள்ளையைத் தேடிய நோஃப்ரேயின் கண் பக்கத்து வீட்டில் போய் நின்றது. நங்கூரம் புல்லில் விழுந்தது.

(ஓர் ஒப்புதல். காவி பூசியவன் நான். இந்தக் கதையின் தவறை எழுதுபவன் மட்டுமல்ல, செய்தவனும் நான்தான். நிஜத்தில் அது காவியும் அல்ல, நிறத்தை மாற்றியிருக்கிறேன்.)

நோஃப்ரேயை மறதிக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஜெரோனியா விடவில்லை. "குருடன்னு எழுது, பரவால்ல. மறதின்னு எழுதாத. கல்யாண நாள ஒரு வருஷம்கூட மறந்ததில்ல அந்த மனுஷன்."

4

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஜெரோனியா கீழே பார்த்தாள். நங்கூரத்துக்கும் நாக்ராவுக்கும் இடையே இரண்டு சாண்தான். அவள் இறங்கிய ஐந்தாவது நிமிடம், நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று நோஃப்ரே மேலிருந்து சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். நாற்பது வருடப் பழக்கம். இழுத்தால் நங்கூரம் புல்லை உழுதுகொண்டு போய் நாக்ராவைச் சாய்த்துவிடும்.

அவள் நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மணலை நோக்கி நடந்தாள். பாதி வழியில் அவன் இழுத்தான். அவளும் இழுத்தாள்.

மேலே வந்ததும் நடந்தது:

"யோவ், கண்ண எங்க வெச்சிருந்த?"

"வெள்ளச் சுவத்துமேலதான்!"

"எந்த வெள்ளச் சுவரு? அது பக்கத்து வீட்டுக்காரனோடது!"

"நாப்பது வருஷமா வெள்ளையா இருந்த சுவரு, ஒரு வார்த்த சொல்லாம மாறினா நான் என்னடி பண்ணுவேன்? அப்பவே நெனச்சேன், எந்த ஊரு நங்கூரம் திருப்பி இழுக்கும்னு!"

5

முடிவு ஒன்று: சங்கிலி உரசி நாக்ரா உடைந்துவிட்டது. எழுதினேன். அன்று சோறு இறங்கவில்லை, கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் கை நகர்த்தினாள், நாக்ரா உடனே —

நிஜத்தில் நங்கூரத்தை மணலில் வைத்துவிட்டு அவள் திரும்பிப் போய்க் கை நகர்த்தத்தான் செய்தாள். பார்த்ததை என்னிடம் சொல்லியும்விட்டாள். அப்போது சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஜெரோனியா சாவு வீட்டிலும் சிரிப்பவள்.

"எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்குன்னு எழுதினா கேமராவத் தூக்கிட்டு வருவானுங்க. செத்துடுச்சுன்னு எழுதினா, போனா போகுதுன்னு கண்ட எடத்துல நங்கூரம் போடுவானுங்க. எத எழுதப்போற, சொல்லு சாயக்காரா?"

இன்னொரு அத்திப்பழம் எடுத்துக்கொண்டேன். நோஃப்ரே கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல மதியம் அது.

6

ஆகவே முடிவு இல்லை. எந்த விரிகுடா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. என்றாவது இந்தக் கடலுக்கு வந்து, படகை நிறுத்தும்போது அடியில் புல் கருத்துத் தெரிந்தால், இது அந்த இடமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். மணல் தெரிந்த பிறகு சங்கிலியை விடுங்கள்.