நடுப்பக்கத்துக் கட்டு

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வசுமதி படங்களைத் தரையில் பரப்பினாள். பத்து வருடமாக, துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பெஹாலா பந்தல்களின் மூங்கில் கூடுகளைத் தன் ஃபிலிம் கேமராவில் எடுத்து வருகிறாள். துணி போர்த்திய பிறகு ஒரு படம்கூட எடுத்ததில்லை. இப்போது, 2004இல், அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு புத்தகம். மறுநாள் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

"பூஜைப் புஸ்தகத்துல அம்பாள் எங்கேடி?" என்றார் அவள் கணவர் பட்டாபி, படங்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தபடி.

"அம்பாளை ஊரே எடுக்கறது. அவ தலைக்கு மேல கூரை எப்படி நிக்கறதுன்னு நான்தான் எடுத்திருக்கேன்."

ஆறு தாள்களை அடுக்கி, நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடித்தால் இருபத்துநான்கு பக்கம். எதிரெதிரான இரு பக்கங்களும் ஒரே தாளாக அமைவது நட்டநடுவில் மட்டும்தான். வேறெங்கு பெரிய படத்தை விரித்தாலும் அது இரண்டு தாள்களில் பாதி பாதியாக விழும், கோடுகள் பிசகிவிடும். அந்த ஒரே இடத்துக்கு அவள் வைத்திருந்த படத்தில் இரண்டு மூங்கில்கள் கூடும் இடத்தைத் தேங்காய்நார்க் கயிறு பெருக்கல் குறிபோலத் தெளிவாகச் சுற்றியிருந்தது. அந்த வெயிலுக்காக மூன்று காலைகள் காத்திருந்தாள். கீழே, 'கட்டியவர்: நிமாய் மண்டல்.'

புத்தகத்தில் தன் பெயர் வருவதைப் பார்க்க நிமாய் சாயங்காலம் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"பௌதி, இதை எடுத்துடுங்க," என்று அவளை அண்ணி முறையில் அழைத்து வங்க மொழியில் சொன்னார்.

"ஏன் நிமாய்தா? இருக்கறதுலயே நல்ல படம் இது."

"படம் நல்லாத்தான் இருக்கு. கட்டு பாதியில நிக்குது. நான் டீ குடிக்கப் போனப்ப எடுத்திருக்கீங்க."

இரண்டு விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டினார். பெருக்கல் குறி கயிற்றை இடத்தில் வைப்பதற்கு மட்டும். பிறகு இரண்டு மூங்கில்களுக்கும் இடையில் நுழைத்து, சுற்றிய கயிற்றையே சுற்றி இழுக்கவேண்டும். அப்போது பெருக்கல் வடிவம் நசுங்கி, கயிறு முண்டாகத் திரண்டுவிடும். முண்டானால்தான் மூங்கில் அசையாது.  பத்து வருடமாக, பார்க்க அழகானதே முடிந்த கட்டு என்று வசுமதி நினைத்திருந்தாள்.

"கீழ என் பேரு வேற. நிமாய்க்குக் கட்டத் தெரியலைன்னு மத்த மிஸ்திரிங்க சிரிப்பாங்க."

"அப்போ பேரை எடுத்துடலாமே," என்றார் பட்டாபி.

"பேரு இருக்கட்டும் தாதா," என்று அவரை அண்ணன் முறையில் அழைத்தார் நிமாய். "படத்தை எடுத்துடுங்க."

வேண்டாமென்று அவள் ஒதுக்கிய குவியலைக் கலைத்து, ஒன்றை உருவினார். மேகமூட்டமான நாள். இறுக மூடிய கைபோல ஒரு கயிற்று முண்டு. வசுமதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெயில் படத்தை எடுத்துவிட்டு, முண்டை நடுப்பக்கத்தில் வைத்தாள். பெயர்ச் சீட்டை அதன் கீழே நேராக்கினாள்.

நிமாய் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. முதல் பக்கத்துப் படத்தருகே நகர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டாகக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தொடங்கினார். வசுமதி தன் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.