நூற்று முப்பது, எண்பது

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்பாளர் சங்க அறையில் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு உதவியாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரெசர் தம்பு, சங்கச் செயலாளர் கமால், மீன் லாரி ஓட்டும் பிச்சைமுத்து, பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கும் என் அக்கா நல்லம்மாள், நான். பிரஷர் பார்க்க வந்தவர்களின் வரிசை முடிந்திருந்தது. நடந்ததை இந்த ஐந்து பேரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு பார்த்ததாகச் சொன்னவர்கள் பொய் சொல்கிறார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு. சுங்கை பினாங் அடுக்குமாடியில் மாரடைப்பு அதிகம் என்று சங்கம் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. சனிக்கிழமைதோறும் கீழ்த்தள அறையில் இனாமாகப் பிரஷர் பார்ப்பார்கள். சிகரெட்டை விடு, உப்பைக் குறை என்று சொல்லி அனுப்புவார்கள். நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

இனாம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான்கு வருஷம் நைட் ஷிப்ட், தகடு அடிக்கும் பகுதியில். ஒரு நாள் போகாமல் நின்றுவிட்டேன். அதன்பின் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பு வாராவாரம் நூற்று முப்பது, எண்பது என்று எழுதிக் கொடுக்கவும், சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை சோறு வடிக்கும்போது அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வெயில் என்றாள்.

முந்தின வாரம் தம்புவின் நோட்டை எடுத்துப் பார்த்திருந்தேன். இருபத்திரண்டு பேர். பதினெட்டுப் பேருக்கு நூற்று முப்பது, எண்பது. மற்ற நால்வருக்கு நூற்று நாற்பது, தொண்ணூறு. ஐந்து மாடி கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த பிச்சைமுத்துவுக்கும் நூற்று முப்பதுதான். மேலிடத்தில் யாருக்கோ காட்டுவதற்காக நல்ல எண்களாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். கமாலிடம் சொன்னேன்.

"வேலை வெட்டி இல்லாட்டி இப்படித்தான் எல்லாத்தையும் நோண்டச் சொல்லும்" என்றார்.

அதனால் அன்று தம்பு பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனபோது, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர்க் குழாயை வட்டத் தகட்டிலிருந்து இழுத்து, மேசையில் இருந்த பஞ்சை உள்ளே திணித்து, மறுபடி மாட்டி வைத்தேன். பிச்சைமுத்து பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேடிக்கை வேண்டும்.

தம்பு வந்து உட்கார்ந்தார்.

"டிரெசரே, நேத்து ஆட்டுக்கால் சூப் ரெண்டு மங்கு குடிச்சேன் லா. மெஷின் காட்டிக் குடுத்துருமா?" என்றார் பிச்சைமுத்து.

தம்பு சிரித்தார். எதற்கும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அக்காவின் கையில் பட்டையைச் சுற்றினார். பாதரசம் நூற்று அறுபது வரை ஏறியது. காற்றை விட்டார். அவர் கண் பாதரசத்தில் இல்லை. அக்காவின் முகத்தில் இருந்தது.

"நூற்று முப்பது, எண்பது. நல்லா இருக்கு, பிள்ளை."

நான் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி, குழாயை உருவி, பஞ்சை இடுக்கியால் எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"அடைச்சது நான்தான். என்ன சத்தம் கேட்டுச்சு, சொல்லுங்க."

அவர் என் உதட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தகடு அடிக்கும் இரைச்சலில் பத்து வருஷம் தாண்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நோட்டை எடுத்து என் வாயை மறைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டேன்.

தம்பு காத்திருந்தார். பிறகு, "சொல்லும் தம்பி" என்றார்.

"அடக் கடவுளே, அப்ப என் பிரஷரு?" என்றார் பிச்சைமுத்து.

கமால் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. மாடிக்குக் கேக்கும்."

தம்பு மேசையிலிருந்த பஞ்சைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு வருசமாக் கேக்கேல்லை. முகத்தைப் பாத்து, மூச்சைப் பாத்து எழுதினன். பிழைதான்."

அவர் நிமிர்ந்ததும் கேட்டேன். "பின்ன ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"வேற ஆரும் இல்லை எண்டு கமால் வந்து கேட்டவர்."

"அவரு இல்லாட்டி இந்த ரூமை மூடணும்" என்றார் கமால். "இப்பத்தான் சனங்க சிகரெட்டை விடுறேன்னு வர ஆரம்பிச்சிருக்கு. நம்பர் முன்னப்பின்ன இருந்தா என்ன? வர்றாங்கல்ல."

"அக்கா மாத்திரைய விட்டுட்டா, அண்ணே."

கமால் ஜன்னல் கொக்கியை மறுபடி அழுத்திப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக்கா எழுந்துவிட்டாள். "நீ வாயை மூடுடா. பெரிய மனுசரை நிக்க வெச்சு அசிங்கப்படுத்துறே. எனக்கு ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை முந்நூறு பிள்ளைங்களுக்கு மீ கோரெங் போடணும்."

தம்பு அவளுக்குக் குறுக்கே போய் நின்றார். "பிள்ளை, இரும். நான் எழுதினது ஒண்டும் உண்மையில்லை. உமக்கு எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது."

அக்கா உட்கார்ந்தாள். நான் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

தம்பு குழாயை மறுபடி தகட்டில் பொருத்தி, ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார். "நான் காத்து அடிக்கிறன். நீர் கேளும். முதல் தட்டுச் சத்தம் வந்த உடனே விரலைத் தூக்கும். நிண்டதும் இறக்கும்."

நூற்று அறுபதில் அவர் நிற்கவில்லை. இருநூறு. இருநூற்று முப்பது. பிறகு மெதுவாகக் காற்றை விட்டார். பாதரசம் கொஞ்சம்தான் இறங்கியது. யாரோ தரைக்கு அடியிலிருந்து முட்டுவது போல ஒரு சத்தம். விரலைத் தூக்கினேன். இருநூற்றுப் பதினான்கு. சத்தம் நிற்கவே இல்லை. நூற்று இருபத்தாறில் நின்றது. மற்றக் கையிலும் பார்த்தார். கிட்டத்தட்ட அதே எண்.

"இப்பவே ஆஸ்பத்திரி. நடக்கக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், மெஷின்ல ஏதாச்சும் பண்ணிட்டியா?"

"இல்லக்கா."

"பஞ்சு வெச்சவன்தானே நீ."

பிச்சைமுத்து லாரியை வாசலுக்குக் கொண்டுவந்தார். "நாத்தத்தைப் பொறுத்துக்க தங்கச்சி. நேத்துத்தான் கழுவுனேன், நம்பு." முன் இருக்கையில் அக்கா நடுவில் உட்கார, தம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தார். நான் பின்னால் மீன் பெட்டிகளோடு நின்றேன். டத்தோ கிராமாட் ரோட்டுச் சிக்னலில் பிச்சைமுத்து கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "தம்பி, விரலெல்லாம் மரத்துப்போச்சுன்னு சொல்லுது உங்கக்கா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தபோதும் இருநூற்றுப் பத்துக்குமேல் இருந்தது. எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். ஏன் என்று கேட்டார். தம்பு பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லையா, கேட்டும் கேளாதது போல் நின்றாரா, எனக்குத் தெரியாது. நல்ல எண்ணாக எழுதிக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்காவைத் தள்ளுவண்டியில் மாடிக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. தம்பு பழக்கத்தில் நேராக உள்ளே நடந்தார். நர்ஸ் இளம்பெண், அவரைத் தெரியாது. நிற்கச் சொன்னாள். அவர் நிற்கவில்லை. கையைப் பிடித்து வெளியே விட்டாள்.

"பொழைச்சிருவாங்களா?" என்று கேட்டேன்.

"ராத்திரி பார்க்கணும். நாளைக்கு மத்தியானம் வாங்க."

வண்டியிலிருந்து அக்கா ஏதோ சொன்னாள். கேன்டீன் என்ற சொல் மட்டும் புரிந்தது. அவள் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததா, படுத்திருந்ததால் அப்படித் தெரிந்ததா என்று பார்க்க ஓரடி முன்னால் வைத்தேன். நர்ஸ் வண்டியை உள்ளே தள்ளினாள். கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.