மப்பியாரே வீட்டில் விழுந்த வெண்பனி

லாபுவாங் கடற்கரையில் முதல் வெண்பனி ஒரு வியாழக்கிழமை, மதியத் தொழுகை முடிந்த நேரத்தில் விழுந்தது. மப்பியாரேயின் கூரைமேல் மட்டும் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தஹங் அப்போது வெயிலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். வலை நன்றாகவே காய்ந்தது.

மப்பியாரே தன் இளமையை வடகடல் மீன்கப்பல்களில் சமையல்காரனாகக் கழித்தவன். உறைந்த துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது, கரையில் செங்குத்தான கூரையும் புகைபோக்கியுமாக நின்ற செங்கல் வீடுகளைப் பார்த்தபடி தளத்தில் நடுங்குவான். ஒருவரும் அவனை உள்ளே கூப்பிட்டதில்லை. ஊர் திரும்பியதும் அதே போல ஒன்றைக் கட்டினான். சுற்றிலும் மர வீடுகள் உயரமான கால்களில் நின்று, பலகை இடுக்கு வழியே கடற்காற்றை வாங்கிக்கொண்டிருக்க, இவன் வீடு மட்டும் மண்ணில் உட்கார்ந்து, கனத்த சுவருக்குள் வெயிலை அடைத்துவைத்தது. அவன் மனைவி ரொஸ்மினி ஒரு வாரம் பொறுத்தாள். "வீடா இது? ரொட்டி சுடற அடுப்பு. நான்தான் ரொட்டி" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் தஹங்கின் வீட்டுக்கு அடியில், படகு நிற்கும் நிழலில் போய்ப் படுத்தாள். ஊர் சிரித்தது. மப்பியாரே ஒண்டியாக வியர்த்துக்கொண்டு உள்ளே கிடந்தான்.

இரண்டு வருடம் இப்படிப் போன பிறகுதான் பனி வந்தது. ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளாததால் வீடு தனக்கேற்ற வானிலையைத் தானே வரவழைத்துக்கொண்டது என்று பள்ளிவாசல் முற்றத்தில் பேசிக்கொண்டார்கள். அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. பனி உருகித் தஹங்கின் கருவாட்டை நனைத்ததும், குளிரில் தென்னைகள் குரும்பை உதிர்த்ததும்தான் வம்பாயிற்று. "மச்சான், கூரைய நீ பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டுமா?" என்றான் தஹங். பெருநாள் கழியட்டும் என்று மப்பியாரே தலை குனிந்து சொன்னான்.

பெருநாளுக்கு முந்தின வாரம் பெருமழை ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஐஸ் லாரி வரவில்லை. அன்றுதான் கானாங்கெளுத்தி, யாரும் கண்டிராத அளவில், கரையோரம் திரண்டு வந்தது. படகுகள் விளிம்புவரை அமிழ்ந்து திரும்பின. பருவத்தின் முழு உழைப்பும் மதியத்துக்குள் நாறிவிடும். தஹங் ஒரு கூடை மீனோடு மப்பியாரேயின் வாசலில் வந்து நின்றான்.

"என்னண்ணே, கூரை பிரிக்க வந்தியா?" என்றாள் பின்னாலேயே வந்த ரொஸ்மினி.

"கிண்டல் பண்ணாத, தங்கச்சி. மீன் சாவுது."

"மீன் எப்பவோ செத்துருச்சு. நீ உள்ள வா."

அவளே கட்டிலை வெளியே தள்ளினாள். மப்பியாரே கூரைமேல் ஏறினான். பெண்கள் முறத்தால் பனியை வாரினார்கள். ஆண்கள் அறை அறையாக மீனும் பனியுமாக அடுக்கினார்கள். வாரிய இடத்தில் மறுபடி விழுந்தது. பாலம் சரியாகிற வரைக்கும் ஒரு மீன்கூடக் கண் மங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு ஊரின் மீன்வீடாகிவிட்டது. பனிநீர் கடலுக்கு ஓட வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் மீன் திரளும் காலத்தில் பனி தவறுவதில்லை. நேரம் தப்பினால் மட்டும் முணுமுணுக்கிறார்கள்.

அந்த வருடம் பெருநாள் கழிந்த மறுநாள் ஊர் ஆண்கள் எல்லோரும் தஹங்குக்குத் தெருக்கோடியில் காலியாகக் கிடந்த இன்னொரு மர வீட்டுக்கு அடியில் மூங்கில் கட்டி, அதை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு வந்தார்கள். செங்கல் வீட்டுக்குப் பக்கத்து வெயிலில் இறக்கிவைத்தார்கள். "ஏறுங்க, உங்க வீடுதான்" என்றார்கள். மப்பியாரே ஏணியில் கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

"ஏன் அழுவுறே?" என்றாள் ரொஸ்மினி.

"கண்ணுல பனி விழுந்துடுச்சு."

பனி பத்து முழம் தள்ளி, நேர்கோடாக விழுந்துகொண்டிருந்தது. தஹங் அதைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"ஆமா, எனக்குந்தான்" என்றான்.