சொந்த வார்த்தையில் சொல்லணும்

"டாக்டர் கேட்டா, நோய் நல்லாயிடணும்னுதான் தோல் குடுக்கிறேன்னு சொல்லு. மறந்துடாத." கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார் கணவர். மறதிக்கார மனைவியிடம் மறக்காதே என்பது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று அவருக்கே தெரியும். அவர்களுடைய அடுப்பு ரிப்பேர் கடையில் வாய் அவருடையது, கை அவளுடையது. ஐம்பது வயதிலேயே அல்சைமர் என்ற மறதிநோய் வந்து, அந்தக் கை இப்போது ஸ்பானரை எடுத்துவிட்டு எதற்கென்று யோசிக்கிறது. அவருடைய அப்பாவுக்கும் அதே நோய்தான், ஆனால் எண்பதுக்கு மேல் வந்தது. அப்பாவின் கையிலிருந்து எடுத்த துளித் தோல் போன மாதமே இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

என்ன செய்யப்போகிறார்கள், எதற்கு என்று அவளே சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எடுக்க மாட்டார்கள். கணவர் வாயைத் திறக்கக்கூடாது. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"எதுக்கும்மா தோல் எடுக்கிறோம்?" என்றார் டாக்டரம்மா.

அவள் மேசைமேல் விரலால் பர்னர்போல ஒரு வட்டம் போட்டாள்.

"செல்லுக்குள்ள சின்னச் சின்ன அடுப்பு இருக்கு. சர்க்கரைய எரிக்குது. தோல வளத்து, அது எப்படி எரியுதுன்னு பாப்பீங்க. மாமாவுக்கு பர்னர் பழசாகி அடைச்சிருக்கலாம். எனக்கு அடுப்பு புதுசு, இப்பவே எரிய மாட்டேங்குது. கோளாறு ஒண்ணா, வேறவேறயா? தெரியாம கைய வெச்சா நல்ல அடுப்பும் கெட்டுடும்."

"இதனால உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

கணவர் உதட்டை அசைத்தார். அவள் அவரைப் பார்த்தாள், பாவம் என்பதுபோல.

"எனக்கு ஒண்ணும் கிடைக்காது. நீங்க மருந்து கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் தீந்துடுவேன். எம்பொண்ணு வயசுப் பிள்ளைங்களுக்கு ஆகும்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "நல்லாயிடும்னு சொல்லியிருந்தீங்கன்னா, புரியலைன்னு இன்னிக்குத் தோல் எடுத்திருக்க மாட்டேன்."

குணமாகிவிடும் என்று கணவர் ஊரையெல்லாம் நம்பவைத்து, தானும் நம்பியிருந்தார். இவளோ எல்லாம் தெரிந்துகொண்டே, காலையில் தலைவாரிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாள். அழுகை ஒருபக்கம் இருக்க, இவள் என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது.

அவள் தானே சட்டைக் கையை மடித்துவிட்டாள். "ஏங்க, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. உங்களுக்கு ரத்தம் ஆகாது."

அவர் திரும்பவில்லை. ஊசி இறங்கியது. மேசைமேல் அவள் கை அசையாமல் கிடந்தது, நகக்கண்ணில் அடுப்புக் கரியோடு.