ஒரே மாதிரி இரண்டு தாள்கள்

போன ஜூனில் என் பேத்தியின் கல்யாண விருந்தில் என் பழைய நண்பர் நபோரின் மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னான். எண்பத்தெட்டாம் வருஷம் மாதா கோயில் கூடத்தில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் என் மனைவி அம்பாரோ என் தாளைப் பார்த்து எழுதிப் பிடிபட்டாளாம். நான் எழுந்து நின்று அவளுக்காகப் பேசிக் காப்பாற்றினேனாம். இருநூறு பேர் சிரித்துக் கைதட்டினார்கள். அம்பாரோவும் சிரித்தாள். விருந்தைக் கெடுக்க வேண்டாமென்று அன்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எங்கள் செபேதா குடும்பத்தைப் பற்றி ஒரு பொய், அது எனக்குப் பெருமை சேர்க்கும் பொய்யாகவே இருந்தாலும், என் பேரப்பிள்ளைகளின் வாயில் நிலைத்துவிடக் கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் கீரை அறுக்கும் முப்பத்தாறு பேருக்கு நான் கங்காணி. அதற்கு முன் பதினான்கு வருஷம் நானே குனிந்து அறுத்தவன். ஆட்களில் பாதிப் பேர் எல்லைக்குத் தெற்கே மிச்சோவகானில் எங்கள் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் அடுத்த ஊர். எங்களைப் போல வெகுநாளாக அனுமதிக் காகிதமில்லாமல் உழைத்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. இங்கிலீஷ் வகுப்பில் ஒழுங்காகப் படித்ததற்கு ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. எங்கள் பங்குச் சாமியார் கூடத்தைத் திறந்துவிட்டார். ஏப்ரலிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வகுப்பு.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் எனக்கு மூக்கில் காப்பி வாசனையும் சாக்பீஸ் தூளும் ஏறும். ஆறு நாள் சேற்றில் நின்றவர்கள் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, குழந்தைகளுக்கான குட்டை நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். கைகளில் லெட்டூஸ் பால் பட்ட கறுப்புக் கறை மட்டும் போகாது. டீச்சர் மிஸ் ஹோல்ம் உயரமான, ஒடிசலான அம்மாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்போம். உட்காருங்கள் என்பார். அவர் உட்காராமல் நாங்கள் உட்கார மாட்டோம். அவருக்கோ நின்றுகொண்டுதான் பாடம் நடத்த வரும். இதிலேயே முதல் இரண்டு வாரம் போயிற்று.

இங்கிலீஷ் இலக்கணம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. எங்கள் பேச்சில் 'வந்தேன்' என்றால் போதும், வந்தது யார் என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும். இங்கிலீஷில் ஒவ்வொரு முறையும் 'நான்' என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். மழை பெய்தால்கூட அதற்கு முன்னால் 'இட்' என்று ஒருவரை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் இருப்பது யார் என்று நபோர் கேட்டார். யாருமில்லை, ஆனால் இடம் காலியாக இருக்கக் கூடாது என்றார் டீச்சர்.

"ஆளே இல்லாதவருக்கு நாற்காலி போட்டிருக்காங்க. நம்மளை மட்டும் நிக்கவெச்சே பேசறாங்க," என்றார் நபோர்.

நபோர் என் மூத்தவளுக்கு ஞானத்தந்தை. எங்களில் அந்த உறவு கூடப்பிறந்ததைவிடப் பெரியது. கொம்பாத்ரே என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வோம். நாற்பது வருஷத்தில் ஒருநாளும் 'நீ' என்று பேசிக்கொண்டதில்லை.

ஜூனில் முதல் பரீட்சை வைத்தார்கள். வயலில் மூன்று பேர் ஒரு கூட்டு. இரண்டு பேர் அறுப்பார்கள், ஒருவர் பெட்டியில் அடுக்குவார். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மற்ற இருவரும் அவர் வரிசையையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள். அதை யாரும் பேசக்கூட மாட்டார்கள். பேசினால் அவமரியாதை. வகுப்பிலும் அப்படியே கூட்டுக் கூட்டாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சைத் தாள்களும் மும்மூன்றாக, அச்சடித்ததுபோல வந்தன. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். நபோர்தான் எழுந்து விளக்கம் சொன்னார். அம்பாரோ அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள்.

"டீச்சரம்மா, பக்கத்துல இருக்கறவன் முழிச்சுக்கிட்டு இருக்கும்போது நான் பாட்டுக்கு எழுதிட்டு இருக்க முடியுமா? நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

டீச்சர் தாள்களை மேசைமேல் வைத்தார். பிறகு, வயலில் அது நல்ல குணம், இங்கே அப்படியில்லை, இங்கே ஒவ்வொருவரும் தனி, இனிமேல் பார்த்து எழுதுகிறவருக்குச் சான்றிதழ் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். கூட்டுகளையெல்லாம் கலைத்து மூலைக்கொருவராக உட்காரவைத்தார். என்னையும் அம்பாரோவையும் மட்டும் முதல் மேசையில் விட்டுவைத்தார். நான் கங்காணி, நிமிர்ந்து உட்காருகிறவன். என்னிடம் அந்தச் சந்தேகம் வரவில்லை போலும்.

நான் எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அம்பாரோ ஆறாவது முடித்தவள், தந்தி அலுவலகக் குமாஸ்தாவின் மகள். பாத்திரம் கழுவும்போதும் சோள அடை சுடும்போதும் இங்கிலீஷ் வினைச்சொற்களை வாய்க்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருப்பாள். என் ஆட்கள் முன்னால் என்னை ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. எனக்கோ ஜூலைக்குமேல் எதுவும் ஏறவில்லை. நேற்று நடந்ததைச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொள்ளும். கரும்பலகைமுன் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தலையைத் தாழ்த்திக்கொள்வேன். முப்பத்தாறு பேரை ஒரு பார்வையில் நிறுத்துகிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சின்னப் பரீட்சை ஒன்றில், அம்பாரோ தன் தாளை மறைத்திருந்த இடது முழங்கையை எடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஒரே வீட்டுச் சொத்துதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சை அக்டோபரில். நவம்பர் பிறந்தால் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் முடிந்துவிடும். ஆண்களெல்லாம் தெற்கே யூமாவுக்குப் போய் அங்கே அறுப்போம். பெண்களும் பிள்ளைகளும் சலினாஸிலேயே இருப்பார்கள். சான்றிதழ் வாங்கினவர்களுக்குக் குளிர்காலத்தில் இரண்டாம் வகுப்பு நடத்துவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அம்பாரோ அந்த இரண்டாம் வகுப்பின்மேல் உயிரையே வைத்திருந்தாள். காய்கறி கழுவி அடுக்கும் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் வேலை செய்து அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. அந்த வகுப்பை முடித்துவிட்டு வந்தால் வரவேற்பு மேசை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் எங்கள் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு எங்களை முன்னால் கூப்பிட்டார். நாற்பது கேள்விகள். இரண்டிலும் ஏழு தவறு. ஏழும் ஒரே இடத்தில், ஒரே தவறு. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். அவர் பார்வை என்மேல் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நேராக அம்பாரோவிடம் போயிற்று. அம்பாரோ, உண்மையைச் சொல்லிவிடு என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அந்த அன்புதான் என்னைச் சுட்டது.

"விடுங்க டீச்சரம்மா. புருஷன் பொண்டாட்டிக்குத் தலையணை ஒண்ணு, மூளையும் ஒண்ணு," என்றார் நபோர் பின்னாலிருந்து. ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அம்பாரோ தரையைப் பார்த்தபடி, இங்கிலீஷில், நான்தான் என்றாள்.

எங்கள் அப்பா என்னை அடித்ததெல்லாம் பொய் சொன்னதற்குத்தான். ஆனாலும் எத்தனை மூச்சு விடும் நேரம் நான் சும்மா நின்றேன் என்று எனக்குத் தெரியும். நாலு. அந்த நாலு மூச்சுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் புரியட்டும் என்று எங்கள் மொழியிலேயே சொன்னேன்.

"பாத்து எழுதினது நான். ஆகஸ்டுலேர்ந்து பாத்துத்தான் எழுதறேன். அவ யாரையும் பாக்கலை."

டீச்சருக்கு எங்கள் மொழி தெரியாது. வழக்கம்போல அம்பாரோவைப் பார்த்தார். அம்பாரோ நிமிர்ந்து, கொஞ்சமும் தடுமாறாமல், இவர் நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

ஆறு மாதத்தில் நான் கற்றது அதிகமில்லை. ஆனால் அவள் சொன்னது நான் சொன்னதல்ல என்று தெரிந்துகொள்ள அது போதுமாயிருந்தது. டீச்சரின் முகம் கனிந்துவிட்டது. என்னைப் பெரிய தியாகி மாதிரி பார்க்க ஆரம்பித்தார். அப்படியே விட்டிருந்தால் வெளியே போகும்போது அந்தக் கூடத்தில் என் தலை முன்னைவிட உயரமாக இருந்திருக்கும். நபோரின் மகன் சொன்ன கதை அங்கேயே முடிகிறது.

நான் இல்லை என்றேன். அந்த வகுப்பில் முதல்முறையாக, யார் தாளையும் பார்க்காமல், இங்கிலீஷில் வாக்கியம் அமைத்தேன். அவள் எழுதுகிறாள். நான் பார்க்கிறேன். நான் எழுதுகிறேன். தினமும். இறந்தகாலம் எதுவும் வாயில் வரவில்லை, எல்லாம் அன்றுதான் நடந்துகொண்டிருப்பதுபோல வந்தது. டீச்சரின் உதடு திருத்துவதற்காக அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. அம்பாரோவின் தாளை எடுத்து அதன்மேல் கையெழுத்துப் போட்டார். என்னுடையதை மடித்து என்னிடமே கொடுத்து, ஏப்ரலில் வாருங்கள் திரு. செபேதா என்றார். நான் நன்றி சொன்னேன். அதில் தவறில்லை.

வாசலில் நபோர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி காத்திருந்தார்.

"கொம்பாத்ரே, டீச்சரம்மாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. நம்ம பசங்க முன்னாடி எதுக்கு?"

"அவளைக் குத்தம் சொன்னது பசங்க முன்னாடிதானே," என்றேன்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பிற்பாடு தன் வீட்டில் இந்தக் கதையை எனக்காக மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டாளியின் வரிசையையும் சேர்த்து அறுக்கும் வழக்கத்தை அவர் சாகும்வரை விடவில்லை. ஆனால் அந்த வரிசை என்னுடையது. நானே அறுக்கிறேன்.

அம்பாரோ சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. வண்டியில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள். ரயில் பாதை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்தாள்.

"கையை எடுத்தது நான். வேணும்னுதான் எடுத்தேன். அதைச் சொல்லவேயில்லையே நீங்க. தப்பையும் முழுசா உங்க பேர்லயே எழுதிக்கிட்டீங்க."

"உன் சான்றிதழ் போயிருக்கும்."

"போனா போகட்டும்னு நினைச்சுத்தானே சொன்னேன். என்னைக் கேட்டீங்களா?"

வீட்டில் இரண்டு நாள் என் தட்டில் சாப்பாடு விழுந்தது, பேச்சு விழவில்லை.

நவம்பர் நாலாம் தேதி ஆட்களோடு யூமாவுக்குப் போனேன். மூன்றாவது வாரம் முகாமுக்கு அம்பாரோவிடமிருந்து ஒரு கனத்த உறை வந்தது. நலம் விசாரித்து ஒரு வரியில்லை. இரண்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டே, முதல் வகுப்பின் பாடங்களை அவள் கையால் வரிசையாக எழுதியிருந்தாள். இறந்தகாலம், நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கோடு. விடை ஒன்றுகூட இல்லை. அடியில் மட்டும், பூர்த்தி செய்து திருப்பி அனுப்பவும் என்று இங்கிலீஷில் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிராக்டர் நிழலில், ஆட்கள் பார்க்கவே உட்கார்ந்து எழுதினேன். நபோர் அடை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். தன் தண்ணீர்ப் புட்டியைத் தாள் பறக்காமலிருக்க ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். எழுதி முடிக்க நாலு நாள் ஆயிற்று. தபாலில் போட்டேன். பத்தாம் நாள் திரும்பி வந்தது. இருபத்தாறு இடத்தில் சிவப்புப் பென்சில். கூடவே இன்னொரு தாளில் அடுத்த நாற்பது கேள்விகள்.