எல்லை ஒழுங்கை அகன்ற கதை

மருதஞ்சேனையின் இரண்டு வட்டாரங்களையும் பிரிக்கும் சிறு தெருவான எல்லை ஒழுங்கை 1985 சித்திரையில் அகலத் தொடங்கியது; மூன்றாம் வருடம் அதில் தோணி ஓடியது. அதற்குமுன் அது ஒரு மாட்டுவண்டி போகும் அகலந்தான். வாவிக்கு மேற்கே, வயல்வட்டைகளுக்கும் கண்ணாமரச் சதுப்புக்காட்டுக்கும் நடுவில் கிடந்த அந்த ஊருக்கு வெள்ளைக்காரர் காலத்தில் கிராமச் சபை வந்தபோது, ஒழுங்கைக்குத் தெற்கே தமிழரின் வீட்டு வளவுகள் முதலாம் வட்டாரம், வடக்கே முஸ்லிம்களின் வளவுகள் இரண்டாம் வட்டாரம் என்று வகுத்தார்கள். ஒழுங்கை மட்டும் சபைக்குச் சொந்தம். சபை அதற்குச் செய்த ஒரே காரியம், மாரி முடிந்ததும் புல் செருக்கியது.

தெற்கு வேலி சின்னத்தங்கத்துடையது. நேரெதிர் வேலி, கைத்தறி நெய்யும் றமீஸாவுடையது. புருசன் செத்த பிறகு சின்னத்தங்கம் வாய்திறந்து பேசியதெல்லாம் றமீஸாவோடுதான்.

"தங்கம் மச்சி, இண்டைக்கும் கத்தரிக்காயா? ஒங்கட வளவில வேறொண்டும் காய்க்காதா கா?"

"நீ மட்டும் என்ன, மீன் ஆணம் எண்டு சொல்லி முள்ளைத்தானே அனுப்புறாய்!"

அந்தச் சித்திரையில் தமிழர்-முஸ்லிம் கலவரம் மூண்டு வெளியூர்களில் வீடுகள் எரிந்தன. மருதஞ்சேனையில் யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. மரியாதைதான் காட்டினார்கள். தங்களைக் கண்டு எதிர்ப்பக்கம் பயப்படக்கூடாதென்று தெற்குக்காரர் வேலியைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே நட்டார்கள். அதைக் கண்டு வெட்கப்பட்ட வடக்குக்காரரும் ஒரு முழம் பின்வாங்கினார்கள். விட்ட இடத்தை ஒழுங்கை எடுத்துக்கொண்டது. பிறகு யாரும் தொடாமலே அகன்றது. சபைத் தலைவர் அழகரத்தினம் வந்து பார்த்தார். சபையின் காணி கூடியிருந்தது. அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் சபைக் கந்தோருக்குத் திரும்பினார்.

1987இல் றமீஸா காலையில் சொன்னது மத்தியானம்தான் தெற்குக்கு வந்து சேர்ந்தது. அந்த மாரியில் வாவித் தண்ணீர் ஒழுங்கைக்குள் ஏறியது, திரும்பிப் போகவில்லை. சபை கூடி அதைத் தெருக்களிலிருந்து நீக்கி நீர்நிலைகளோடு சேர்த்தது. உசனார் என்பவரைத் தோணிக்கு அமர்த்தியது. 1990 ஆடியில் வெளியூர்களில் இரு பக்கத்தாரும் கொல்லப்பட்ட பிறகு தோணியில் யாரும் ஏறவில்லை. எதிர்க்கரையும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. "காய்ச்சல் விட்டுதா?" என்று விதைப்புக் காலத்தில் சின்னத்தங்கம் கேட்டாள். வெட்டு முடிந்து சூடடிக்கும்போது "எந்தக் காய்ச்சல்?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. றமீஸா பேச்சை நிறுத்திவிட்டாளா, அங்கே இல்லையா, பேச்சு இன்னும் வழியில் இருக்கிறதா என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

ஒரு போகம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, சின்னத்தங்கம் தன் வேலிக் கதியால் தடிகளைப் பிடுங்கித் தண்ணீருக்குள் ஒரு முழம் முன்னே நட்டாள். செய்தி கேட்டு அழகரத்தினம் சைக்கிளில் வந்தார்.

"என்ன புள்ள செய்யிறாய்? இது சபைக் காணி."

"நாங்க விட்ட முழம் ஐயா. அதைத்தான் எடுக்கிறன்."

நட்ட இடத்தில் தண்ணீர் வற்றி மண் எழும்பியது. அவள் மறுபடி பிடுங்கி மறுபடி நட்டாள். வருடந்தோறும் குடிசையைப் பிரித்து வேலிக்குப் பின்னால் கட்டினாள். பக்கத்து வளவுக்காரர் தங்கள் வேலிகளை அசைக்கவில்லை. அதனால் அவளுடைய நிலம் ஒரு விரல்போல வாவிக்குள் நீண்டது. பின்னால் ஊர் சிறுத்தது. அவள் நெல் குற்றும் சத்தம் ஊருக்கு மறுநாள் கேட்டது. நல்லநாள் பெருநாளுக்கு அவளைக் கூப்பிட்டவர்களின் குரல் நாள் கடந்த பிறகே வந்ததால், கூப்பிடுவதையும் விட்டார்கள்.

1996இல் ஒரு காலை, வேலிக்குக் குறுக்கே வரிச்சுத் தடிகளைத் தட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது வடக்கிலிருந்து குரல் வந்தது.

"ஆரது, இந்த வெயிலுக்க?"

"நான்தான் கா, தங்கம்!"

உலையில் அரிசி போட்டுச் சோறு வெந்து இறக்க எடுக்கும் அவ்வளவு நேரம் அவள் அசையாமல் நின்றாள்.

"என்ன மச்சி, இவ்வளவு சுணங்கிட்டீங்க?"

அதற்கப்பால் நட்ட கதியால்களை வாவி பிடுங்கி எறிந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சபை அந்த வளவை எந்த வட்டாரத்திலும் சேர்க்காமல் விட்டது. உசனாரின் தோணி இப்போது அதுவரை வருகிறது. ஒரு கரையில் சொல்வதை மறுகரைக்குச் சொல்லவேண்டியவர்கள் சின்னத்தங்கத்திடம் வந்து, அவளைக் கூவிச் சொல்லச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள். பிறர் சேதிக்காக இல்லாமல் அவளோடு பேசவென்றே பேசுவது றமீஸா மட்டுந்தான், அதுவும் ஒரு சோறு வேகும் நேரம் பிந்தி.